பெயர் மறைந்த கைவண்ணங்கள்



ஓர் ஓவியத்தின் முன் நின்று வியக்கிறோம். ஓர் இன்னிசையில் நம்மை மறக்கிறோம். மணமேடைக்கு வரும் மணமகளின் ஆடையழகை வாயாரப் புகழ்கிறோம். ஆனால், "இதனை ஆக்கிய கை யாருடையது?" என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்? அந்தக் கை ஒரு பெண்ணின் கையாக இருந்துவிட்டால், அந்தக் கேள்வி இன்னும் அரிதாகவே எழுகிறது. ஓவியம், இசை, உடைக்கலை ஆகிய மூன்று துறைகளிலும் பெண்கள் ஆற்றிய பணி சிறிதன்று. ஆயினும், அப்பணியின் வரலாறு பெரும்பாலும் பெயர் மறைந்த வரலாறாகவே இருந்து வந்திருக்கிறது. இத்திங்கள் நான்கு பெண்களைப் பற்றிச் சிந்திப்போம். இருவர் கன்னியர் மடத்தில் வாழ்ந்தவர்கள். ஒருவர் செல்வக் குடும்பத்து மகள். மற்றொருவர் அடிமைப்பட்டிருந்த இனத்தில் தோன்றிய தையற்கலைஞர்.

மடத்துச் சுவரில் ஒரு விருந்து

இயேசு ஆண்டவரின் இறுதி இராவுணவு ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது லியொனார்தோ தாவின்சி மிலான் நகரில் தீட்டிய சுவரோவியமே. அதன் படி நம் இல்லங்கள் பலவற்றில் உணவறைச் சுவரை அணி செய்கிறது. அதே காட்சியை ஒரு கன்னிகையும் மிகப் பெரிய அளவில் தீட்டினார் என்பதை அறிந்தவர் சிலரே.

அவர் பெயர் பிளாத்தில்லா நெல்லி. இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் 1524-ஆம் ஆண்டு பிறந்தார். தம் 14-ஆம் வயதில், புனித சாமிநாதர் சபையைச் சார்ந்த சியன்னா நகர்ப் புனித கத்தரீனம்மாள் மடத்தில் சேர்ந்தார். அங்கு அவருக்கு ஓவியம் கற்பிக்க ஆசிரியர் எவருமில்லை. துறவியும் ஓவியருமான பிரா பர்தொலோமேயோ விட்டுச் சென்ற வரைபடங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தே அவர் கலை பயின்றார். பின்னர் தம் உடன்கன்னியருக்கும் கற்பித்து, மடத்திற்குள்ளேயே ஓர் ஓவியக்கூடத்தை நடத்தினார். அவர்கள் தீட்டிய பக்தி ஓவியங்களை நகரத்தார் விலை கொடுத்து வாங்கினர். அம்மடத்தின் தலைவியாகவும் அவர் மும்முறை பொறுப்பேற்றார்.

1560-களில் தம் மடத்து உணவறைக்கென அவர் தீட்டியதே அந்த இறுதி இராவுணவு. கித்தானின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். உயரம் 2 மீட்டர். சீடர்களின் உருவங்கள் ஆளளவில் அமைந்துள்ளன. ஆண்டவரின் மார்பில் அருளப்பர் சாய்ந்திருக்கிறார். பந்தியையும் அவர் வெறுமையாக விட்டுவிடவில்லை. அப்பமும் இரசமும் மட்டுமன்றி, வாட்டிய ஆட்டிறைச்சியும் கீரையும் அவரையும் அங்கு உள்ளன. வெண்ணிற மேசைத்துணியில், மடித்து வைத்த துணியை விரிக்கையில் தோன்றும் மடிப்புக் கோடுகளைக் கூட அவர் விட்டுவைக்கவில்லை. பந்தி விரித்துப் பழகிய கையன்றி வேறெந்தக் கை இதனைக் கவனித்திருக்கும்?

அவர் காலத்தில் வாழ்ந்த ஜார்ஜோ வசாரி என்பவர், ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிப் புகழ் பெற்றவர். 1568-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அவர் நெல்லியையும் குறிப்பிடுகிறார். ஆண்களைப் போல் முறையாகக் கற்கவும், உயிருள்ள மனிதரைக் கண்முன் நிறுத்தி வரையவும் வாய்ப்புப் பெற்றிருந்தால் இவர் வியத்தகு பணிகளைச் செய்திருப்பார் என்பது வசாரியின் கருத்து. நெல்லி தீட்டிய பெண் முகங்கள் ஆண் முகங்களினும் சிறந்திருப்பதையும் அவர் கண்டார். மடத்திற்குள் தாராளமாகப் பார்த்து வரையக் கிடைத்தவை பெண் முகங்கள் மட்டுமே அல்லவா? அப்படியானால், குறை திறமையில் இல்லை. திறமைக்குக் கிடைத்த வாய்ப்பில்தான் இருந்தது. பெண்களின் கலையைப் பற்றித் தீர்ப்புக் கூற முற்படுவோர் இந்த ஒன்றை மறந்துவிடலாகாது.

நெல்லி 1588-இல் இறைவனடி சேர்ந்தார். மடமும் பிற்காலத்தில் கலைக்கப்பட்டது. ஓவியம் சாந்த மரியா நொவெல்லா துறவியரிடம் சேர்ந்தது. பொதுமக்கள் நுழையாத அறையில் அது நெடுங்காலம் தொங்கிற்று. புளோரன்ஸ் நகரில் பெண் ஓவியர்களின் படைப்புகளைத் தேடிக் காக்க அமைந்த ஒரு நிறுவனத்தின் முயற்சியால், நான்கு ஆண்டுகள் அதனைச் செப்பனிட்டனர். 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் அது அந்த ஆலயத்தை அடுத்த காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. தீட்டப்பட்டு ஏறத்தாழ 450 ஆண்டுகள் கழிந்திருந்தன!

அந்த ஓவியத்தின் ஒரு மூலையில் இலத்தீன் மொழியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. கன்னிகை பிளாத்தில்லா என்று தம் பெயரை எழுதி, இதனைத் தீட்டிய பெண்ணுக்காகச் செபிக்குமாறு காண்போரை அவர் வேண்டுகிறார். ஓவியர் என்று பொதுப்படச் சொல்லாமல் பெண்பாற் சொல்லாலேயே தம்மைக் குறித்துக் கொண்டார். இக்குறிப்பை நினைவில் வைத்திருங்கள். பின்னர் இதனிடம் திரும்புவோம்.

பாடுவதற்குத் தடை

நெல்லிக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன் செருமனி நாட்டில் வாழ்ந்தவர் பிங்கன் நகர்ப் புனித ஹில்டெகார்ட் அம்மையார். 1098-இல் பிறந்து, புனித ஆசீர்வாதப்பர் சபையில் கன்னியர் தலைவியாகி, ரூபர்ட்ஸ்பர்க் என்னுமிடத்தில் சொந்தமாக ஒரு மடத்தை நிறுவியவர். மருந்துச் செடிகளைப் பற்றி எழுதினார். தாம் கண்ட காட்சிகளை நூலாக்கினார். எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்களுக்குச் சொல்லும் இசையும் தாமே அமைத்தார். நற்பண்புகள் ஓர் ஆன்மாவுக்காகப் பசாசுடன் போராடும் இசை நாடகம் ஒன்றையும் இயற்றினார். அந்நாடகத்தில் எல்லாப் பாத்திரங்களும் பாடும். பசாசுக்கு மட்டும் பாட்டு இல்லை. அது கத்திப் பேசத்தான் முடியும். இன்னிசை விண்ணகத்தின் மொழி என்பதை இதனினும் எளிதாக எவரால் விளக்க இயலும்?

அத்தகையவருக்கு 1178-ஆம் ஆண்டு பெருஞ்சோதனை நேர்ந்தது. ஒருகாலத்தில் திருச்சபையினின்று விலக்கப்பட்டிருந்த ஓர் உயர்குடி மனிதரின் உடலை மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்திருந்தார்கள். அதனைத் தோண்டி அகற்ற வேண்டுமென்று மைன்ஸ் மறைமாவட்ட அதிகாரிகள் ஆணையிட்டார்கள். இறக்குமுன் அவர் பாவமன்னிப்புப் பெற்றுத் திருச்சபையோடு ஒப்புரவானார் என்று கூறி அம்மையார் மறுத்துவிட்டார். அதன் விளைவாக மடத்தின் மீது தடை விழுந்தது. நற்கருணை இல்லை, செபங்களைப் பாடவும் அனுமதியில்லை, கதவை அடைத்துத் தாழ்ந்த குரலில் வாசிக்கலாம், அவ்வளவே.

அப்போது அவருக்கு வயது 80. பணிவோடு தடையை ஏற்றுக்கொண்டார்; ஆனால், வாய் மூடி இருந்துவிடவில்லை. இறைபுகழ்ச்சிப் பாடல் மனிதனுக்கு ஆதிப் பெற்றோர் இழந்த இன்பத்தை நினைவூட்டுவது என்றும், தக்க காரணமின்றி அதனை அடக்குவோர் வானதூதரின் புகழ்ச்சியில் பங்கிழக்க நேரும் என்றும் மைன்ஸ் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். 1179-இல் தடை நீங்கிற்று. மடத்தில் மீண்டும் பாட்டொலி எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். 2012-இல் திருத்தந்தை 16-ஆம் ஆசீர்வாதப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவித்தார். அப்பெருமை பெற்ற பெண்கள் அதுவரை மூவரே.

இங்குப் பெயர் தெரியாத கன்னியர் சிலரையும் நினைக்க வேண்டும். அம்மையாரின் காட்சிகளை விளக்கும் 35 வண்ண ஓவியங்களைக் கொண்ட பழைய ஏடு ஒன்று, இரண்டாம் உலகப் போரின் போது பாதுகாப்புக்காக டிரெஸ்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1945-இல் காணாமற் போயிற்று. இன்றுவரை அது கிடைக்கவில்லை. ஆயினும், அதன் வண்ணங்களை நாம் இன்றும் காண்கிறோம். எவ்வாறு? ஐபிங்கன் மடத்துக் கன்னியர்கள் 1927 முதல் 1933 வரை அமர்ந்து அந்த ஏட்டைக் கையாலேயே படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் பொறுமையான கைகள் இல்லையென்றால், அவ்வண்ணங்களும் ஏட்டோடு மறைந்திருக்கும்.

அணிகலனா, வாழ்வா?

மூன்றாமவர் ஃபானி மெண்டல்சன். 1805-இல் செருமனியில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தம்பியே உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சன். அக்காளும் தம்பியும் ஒரே ஆசிரியரிடம் பயின்றார்கள். 13-ஆம் வயதிலேயே, பாக் என்னும் இசைமேதையின் 24 முன்னிசைகளை ஏடு பாராமல் பியானோவில் இசைத்துக் காட்டித் தந்தையை மகிழ்வித்தவர் ஃபானி.

ஆயினும் 1820-இல் அதே தந்தை மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்பிக்கு இசை ஒருவேளை தொழிலாகலாம். உனக்கோ அது என்றும் ஓர் அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்பது அதன் சாரம். அவர் கொடியவர் அல்லர்; பிள்ளைகளை அன்போடு வளர்த்தவர்; மகளின் கல்விக்குப் பணத்தையும் குறைக்காதவர். அன்புள்ள தந்தையரும் எழுதக்கூடிய கடிதம் அது. ஆகவேதான் அது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும்.

ஃபானி எழுதிய பாடல்களுள் ஆறு, தம்பியின் பெயரில் வெளிவந்த இரு தொகுப்புகளில் இடம் பெற்றன. 1842-இல் இங்கிலாந்து அரசி விக்டோரியா, ஃபெலிக்சின் பாடல்களுள் தமக்கு விருப்பமான ஒன்றைத் தெரிந்தெடுத்து அவர் முன்னிலையிலேயே பாடினார். அது தம் அக்காளின் படைப்பு என்று ஃபெலிக்ஸ் அரசியிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று! கணவரின் ஊக்கத்தோடு 1846-இல்தான் ஃபானி தம் படைப்புகளைத் துணிந்து தம் பெயரிலேயே முறையாக வெளியிடத் தொடங்கினார். மறு ஆண்டு மே 14-ஆம் நாள், வீட்டில் நடைபெறவிருந்த இசை நிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்துக் கொண்டிருக்கையில் நோயுற்று, அன்றே மறைந்தார். வயது 41. அவர் இயற்றியவை நானூறுக்கு மேல். அவர் கண்முன் அச்சேறியவை மிகச் சிலவே.

கதை அத்துடன் முடியவில்லை. பாஸ்கா திருநாளின் பெயரால் வழங்கும் பியானோ இசைப்படைப்பு ஒன்றின் கையெழுத்துப் படி 1970-இல் பாரிஸ் நகரில் கிடைத்தது. அதில் 'எஃப். மெண்டல்சன்' என்றிருந்தது. ஃபானிக்கும் ஃபெலிக்சுக்கும் முதலெழுத்து ஒன்றே. ஐயத்திற்கு இடமிருந்தும், இத்தகைய வலிமை மிக்க இசை ஆணின் படைப்பாகத்தான் இருக்கும் என்று கருதி ஃபெலிக்சின் பெயரிலேயே வெளியிட்டார்கள். 2010-இல் ஏஞ்சலா மேஸ் என்னும் இசை ஆய்வாளர் அந்தப் படியை நேரில் பார்த்தார். கையெழுத்து ஃபானியுடையது, பக்க எண்களோ ஃபானியின் ஏட்டிலிருந்து கிழிபட்டிருந்த பக்கங்களோடு பொருந்தின. 1828-இல் இயற்றிய அந்தப் படைப்பு 2017-ஆம் ஆண்டு மார்ச் 8-இல் இலண்டனில் ஃபானியின் பெயரோடு இசைக்கப்பட்டு, வானொலியிலும் ஒலித்தது. பாஸ்கா பாடல் கல்லறையினின்று எழுந்து வர 189 ஆண்டுகள் ஆயின.

பத்து நாளில் ஒரு மணவுடை

ஓவியத்தையும் இசையையும் கலையென்று ஒப்புக்கொள்பவர்கள்கூட உடை தைப்பதைக் கலையென்று ஏற்கத் தயங்குவர். அப்போஸ்தலர் பணி நூலின் 9-ஆம் அதிகாரத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். யோப்பா பட்டினத்தில் தபித்தா என்னும் பக்தையான பெண் இறந்தபோது, கைம்பெண்கள் இராயப்பரைச் சூழ்ந்து அழுதார்கள். அவர்கள் அவரிடம் காட்டியவை எவை? தபித்தா தைத்துக் கொடுத்த ஆடைகளே! ஒரு பெண்ணின் தையல் வேலைக்குத் திருமறை நூலிலேயே இடமுண்டு. அவள் பெயருக்கும் இடமுண்டு.

1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரிலுள்ள புனித மரியன்னை ஆலயத்தில் ஒரு திருமணம் நடந்தது. மணமகன் பின்னாளில் அந்நாட்டின் முதல் கத்தோலிக்கக் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடி, மணமகள் ஜாக்குலின். அவர் அணிந்திருந்த தந்த நிற மணவுடையின் படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. 50 கெஜம் டாபெட்டா பட்டில் ஆன ஆடை அது. அதனைத் தைத்தவர் யாரென்று மட்டும் பெரும்பாலான பத்திரிகைகள் எழுதவில்லை.

அவர் பெயர் ஆன் லோ. 1898-இல் அலபாமா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். பாட்டி அடிமைத்தளையில் பிறந்தவர். பாட்டியும் தாயும் கைதேர்ந்த தையற்கலைஞர்கள். 1914-இல் தாய் இறந்தபோது, ஆளுநரின் மனைவிக்காகத் தைத்துக் கொண்டிருந்த ஆடைகள் அரைகுறையாக நின்றன. 16 வயதுப் பெண்ணான ஆன் அவற்றை முடித்துக் கொடுத்தார். பின்னர் நியூயார்க்கில் உடைக்கலைப் பள்ளியில் சேர்ந்தார். வெள்ளை மாணவியரோடு ஒரே அறையில் அமர அவரை அனுமதிக்கவில்லை. தனியறையில் தனியே பயின்று தேர்ந்தார். பட்டுத் துணியாலேயே உயிருள்ளவை போன்ற மலர்களை அமைப்பதில் அவருக்கு இணையில்லை என்று பெயர் பெற்றார்.

கென்னடி திருமணத்திற்குப் பத்து நாள் இருக்கையில் அவருடைய தையற்கூடத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. மணமகளின் உடையும் தோழியருக்கான உடைகள் பலவும் நனைந்து பாழாயின. இரு திங்கள் உழைப்பு வீண்! அவர் யாரிடமும் முறையிடவில்லை. புதிய பட்டு வாங்கி, கூடுதலாக ஆட்களை அமர்த்தி, இரவு பகலாய் உழைத்து, அத்தனையையும் மீண்டும் தைத்து முடித்தார். 700 டாலர் இலாபம் வரவேண்டிய வேலையில் 2,200 டாலர் நட்டம். ஆடைகளைக் கொண்டு சென்ற இடத்தில் பின்வாசல் வழியாக வரும்படி சொன்னார்கள். முன்வாசல் வழியாக விடாவிட்டால் ஆடைகளோடு திரும்பிவிடுவேன் என்றார் ஆன் லோ. முன்வாசல் திறந்தது.

1961-இல் ஒரு பத்திரிகை அம்மணவுடையைத் தைத்தவர் "ஒரு கறுப்பினத் தையற்காரி" என்று பெயரின்றி எழுதியபோது, அவர் மனம் நொந்து ஜாக்குலினுக்கே கடிதம் எழுதினார். 1981-இல் அவர் மறைந்தார். 2023-இல் அமெரிக்காவின் விண்டர்தூர் காட்சியகம் அவருடைய ஆடைகளைக் கொண்டு பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது.

தாழ்ச்சியும் மறதியும்

இங்கு ஒரு வினா எழலாம். "வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்றன்றோ நம் ஆண்டவர் போதித்தார்? பெயர் எதற்கு? புகழ் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வியே. ஆனால், தாழ்ச்சி என்பது கொடுப்பவரின் புண்ணியம். பெறுபவர் மறந்துவிடுவது புண்ணியமாகாது, அது நன்றிகேடு. ஒருவரிடம் வேலையை வாங்கிக்கொண்டு, "நீ தாழ்ச்சியோடு இரு" என்று போதிப்பது எளிது. அந்தப் போதனை எப்போதும் பெண்களை நோக்கியே செல்லுமானால், அது நியாயமாகுமா?

நெல்லி எழுதிய குறிப்பை இப்போது எண்ணிப் பாருங்கள். அவர் தம் பெயரை மறைக்கவில்லை; அதே வேளையில் புகழையும் கேட்கவில்லை. பெயரை எழுதிச் செபத்தைக் கேட்டார். உண்மையும் தாழ்ச்சியும் ஒரே வரியில் கைகோத்து நிற்பதை அங்குக் காண்கிறோம்.

பெற்றோரே, உங்கள் மகள் நன்றாக வரைகிறாள்; நன்றாகப் பாடுகிறாள்; துணியைத் தொட்டாலே அழகு பிறக்கிறது. "கலியாணம் ஆகும்வரை பொழுதுபோக்காக இருக்கட்டும்" என்று நீங்கள் நினைத்தால், 1820-இல் எழுதப்பட்ட அந்தக் கடிதத்தை மீண்டும் நீங்கள் எழுதுகிறீர்கள். மகனுக்கு ஆசிரியரைத் தேடும் அதே அக்கறையோடு மகளுக்கும் தேடுங்கள். இறைவன் தாலந்துகளைப் பகிர்ந்தளித்தபோது ஆணென்றும் பெண்ணென்றும் பார்க்கவில்லை. அவற்றை மண்ணில் புதைத்தது ஏன் என்று கணக்குக் கேட்கையில், புதைக்கச் சொன்ன பெற்றோரையும் அவர் கேட்கமாட்டாரா?

நம் பங்குகளையும் நோக்குவோம். பீடத் துணியில் பூவேலை செய்தவர், திருவுடையின் கிழிசலைத் தெரியாமல் தைத்துக் கொடுத்தவர், பாடகர் குழுவுக்குப் பல்லாண்டுகள் ஆர்மோனியம் வாசித்தவர், திருநாள் பாடலுக்கு மெட்டமைத்தவர் ஆகியோருள் பெண்கள் எத்தனை பேர்! ஆலய விளக்கையும் நாற்காலியையும் நன்கொடையாகத் தந்தவரின் பெயரை அவற்றில் எழுதி வைக்கிறோம். பீடத் துணியைத் தைத்தவரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

செலவில்லாத ஒரு பணியை இத்திங்கள் செய்யலாமே! உங்கள் வீட்டிலும் பங்கிலும் இருக்கும் கைவேலை ஒன்றையோ, பாடி வரும் பாட்டு ஒன்றையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதனை ஆக்கிய பெண் யாரென்று மூத்தோரிடம் கேட்டறியுங்கள். பெயரையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். அவர் உயிரோடு இருந்தால் நேரில் சென்று நன்றி சொல்லுங்கள். இறைவனிடம் சென்றுவிட்டால், பிளாத்தில்லா நெல்லி கேட்டதை அவருக்குச் செய்யுங்கள்: பெயர் சொல்லிச் செபியுங்கள்.